ஓடுகிறதா, நிற்கிறதா

இஞ்சின் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று நாச்சிமுத்துவுக்குத் தெரியவில்லை. சாவியைத் திருப்பினது நிஜம். திருப்பினபோது வண்டி ஒருமுறை சிலிர்த்ததும் நிஜம். அப்புறம் வண்டி விற்கிற லாரன்ஸ் ஜன்னலில் குனிந்து, புகையிலை அதக்கிய வாயால் என்னமோ சொன்னான், இவன் தலையை ஆட்டினான், லாரன்ஸ் போய்விட்டான். அணைத்துவிடச் சொன்னானோ, கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றானோ. சாவி நிற்கிற இடத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது, ஓடுகிற வண்டியிலும் ஓடாத வண்டியிலும் அது அங்கேதான் நிற்கும். சிவப்பு விளக்கு எரிந்தால் நிற்கிறது, எரியாவிட்டால் ஓடுகிறது. இருபத்தாறு வருஷம் இயந்திரத்தோடு குடித்தனம் பண்ணினவனுக்கு அது தெரியாதா, ஆனால் பத்து மணி வெயில் பின்கண்ணாடி வழியாக நேரே மீட்டர் மேல் விழுந்து எல்லா விளக்கும் ஒரே வெளிறலாகக் கிடந்தது. மேல் மாடலில் சுற்று காட்டுகிற முள் உண்டாம், இதில் இல்லை. கியர் தண்டின் மேல் உள்ளங்கையை வைத்தான். அதிர்ந்தது. நம்பிவிடவில்லை. கையை எடுத்துத் தொடைமேல் வைத்தான், தொடைமேலும் அதிர்ந்தது. ராத்திரி முழுக்க மில்லில் கம்ப்ரசர் பக்கத்தில் நின்றுவிட்டு எட்டு மணிக்கு வெளியே வந்தவன், மத்தியானம் வரைக்கும் அவன் கையில் அது ஓடிக்கொண்டுதான் இருக்கும். காதில் சாயங்காலம் வரைக்கும். இல்லை, பொய், சாயங்காலம் வரைக்கும் என்பது முந்தின கதை. இப்போது அது நிற்பதே இல்லை, தூக்கத்திலும் ஓடுகிறது. இந்தப் புது இஞ்சின் ஓடினால் அந்த இரைச்சலுக்கு அடியில் எங்கேயோ ஓடும், நின்றால் அதற்கு அடியிலேயே எங்கேயோ நிற்கும். ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்க்கலாம். போன வாரம் இன்னொரு பழைய வண்டி யார்டில் அப்படி மிதித்து, எவ்வளவு மிதித்தோம் என்று தெரியாமல் மிதித்து, வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடி சாவியைத் திருப்பலாம். ஓடாமல் இருந்தால் பிடித்துக்கொள்ளும். ஓடிக்கொண்டிருந்தால், ஓடுகிற சக்கரத்தில் ஸ்டார்ட்டர் பல் போய்க் கடித்து, அந்தச் சத்தம் இந்த உடுமலைப்பேட்டை முழுக்கக் கேட்கும், இவன் ஒருத்தனைத் தவிர.

கதவின் மேல் ஒரு கை வந்து ஊன்றியது. கிருபாகரன். பெண்டாட்டி தெய்வானையின் தம்பி, அதே மில்லில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர், வயசில் பத்து இளையவன், வேலையில் இவனுக்கு மேலே. நல்லவேளை, அவன் மீசையை எடுத்துவிட்டவன், உதடு பளிச்சென்று தெரியும்.

"என்ன மச்சான், தியானமா? சத்தமே இல்ல பாத்தீங்களா? ஓடறதே தெரியல."

அப்படியானால் ஓடுகிறது. "ஆமா மாப்ள, தெரியல" என்றான் நாச்சிமுத்து. மூன்று வருஷத்தில் முதல் தடவையாக உண்மையைச் சொல்லியிருந்தான், கிருபாகரன் சிரித்துக்கொண்டு வண்டியின் கூரையில் தட்டினான்.

பக்கத்தில் நின்ற இன்னொன்றும் இதே வண்டிதான். ஒரே கம்பெனி, ஒரே பேர், ஒரே சின்ன உடம்பு, வெள்ளை நிறம் கூட ஒன்று. அதில் பழைய எண்ணூறு சிசி, இதில் அதற்குப்பிறகு வந்த ஆயிரம் சிசி. மாப்பிள்ளை வீட்டுக்கு முன்னால் அக்கா தங்கையை நிறுத்தினமாதிரி லாரன்ஸ் ரெண்டையும் கழுவி நிறுத்தியிருந்தான். பதினொரு மணிக்கு மடத்துக்குளத்திலிருந்து ஒரு வாத்தியார் வருகிறார், நீங்கள் விட்டதை அவர் எடுத்துக்கொள்வார் என்று வந்ததிலிருந்து நாலு தடவை சொல்லிவிட்டான். நாச்சிமுத்துவுக்குப் பழசு வேண்டும். அதில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினபோது அதிர்வு இடுப்பு எலும்பில் ஏறிப் பல்லில் வந்து நின்றது. மூன்று சிலிண்டரும் மூன்று பேர் மாதிரித் தனித்தனியாக வந்து தோளைத் தட்டிவிட்டுப் போயின. கம்ப்ரசர் ஓட்டம் கையில் மிச்சம் இருந்தாலும் அதை மீறி அது தெரியும். அந்த வண்டியை ஓட்டினால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. இதை ஓட்டினால் ஒரு வாரம் தாங்காது. ஆனால் அதை வாய்விட்டுச் சொல்ல முடியுமா? அதனால் காலையிலிருந்து வேறு வேறு காரணமாகச் சொல்லிக்கொண்டு வருகிறான். பழசு என்றால் சாமான் எங்கேயும் கிடைக்கும். பழசில் கம்ப்யூட்டர் கிடையாது, கழற்றி நாமே பார்க்கலாம். புதுசு சிக்னலில் தானாக அணைந்து தானாக எழுந்திருக்குமாம், அந்த ஏற்பாடெல்லாம் நம்ம ஊர் தூசியில் எத்தனை நாளைக்கு? சொல்லச் சொல்ல ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமாகத்தான் இருந்தது. அதுதான் பயமாக இருந்தது. பொய்யாக இருந்தால் எங்கேயாவது தடுக்கும்.

"ஏனுங்க," தெய்வானை பின் சீட்டிலிருந்து எட்டி அவன் முகத்துக்கு முன்னால் வந்து பேசினாள், "அந்த வண்டில உக்காந்தா தாலிக்கொடி கூட ஆடுதுங்க. பிள்ளைத்தாச்சிய அதுல எப்படிங்க கூட்டியாறது? இதுதானுங்க."

"மச்சானுக்குப் பழசுதான்க்கா புடிக்கும்," என்றான் கிருபாகரன். "உன்னையவே இத்தன வருசமா மாத்தாம வெச்சிருக்காரில்ல."

"வாயக் கழுவுடா. உன்ற பொண்டாட்டிகிட்டச் சொல்றேன் இரு."

பிள்ளைத்தாச்சி, மேகலா. ஒரே மகள். வால்பாறையில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ், புருஷனுக்கும் அங்கேயே எஸ்டேட்டில்தான் வேலை. அடுத்த மாசம் வளைகாப்பு. வளையல் போட்ட கையோடு அவளைக் கீழே இறக்கி வீட்டுக்குக் கூட்டிவர வேண்டும். பஸ் என்றாலே வாந்தி, வாடகைக் கார்க்காரன் ஓட்டுகிற ஓட்டத்தில் வரமாட்டேன், அப்பா வந்தால் வருகிறேன் என்று போனில் சொன்னாளாம். போனில் அவள் சொன்னது தெய்வானை காதில். தெய்வானை சொன்னது இவன் கண்ணில். அப்பா வந்தால் வருகிறேன். ஆழியாறு அணை தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு. எண்ணூறு சிசி நாலு பேரோடு அதில் ஏறாது என்று கிருபாகரன் சொல்கிறான், ஏசியை அணைத்துவிட்டு முதல் கியரில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறவேண்டும், நடுவில் நின்றால் பின்னால் உருளும் என்கிறான். அது சரிதான். அதை இவன் மறுக்கவில்லை. ஆனால் இவன் ராத்திரி ராத்திரியாக யோசிப்பது ஏற்றத்தை அல்ல. போன மாசம் மகளைப் பார்த்துவிட்டு வரும்போது பஸ்ஸில் வேண்டுமென்றே டிரைவருக்கு இடதுபக்கத்து சீட்டில் இடம் பிடித்து உட்கார்ந்து, வழியெல்லாம் டிரைவர் கையையே பார்த்துக்கொண்டு வந்தான். ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் அந்த ஆள் ஹாரனை அழுத்தினான், ஒரு விநாடி சும்மா இருந்தான், அப்புறம் ஸ்டியரிங்கை ஒடித்தான். அழுத்தினான், சும்மா இருந்தான், ஒடித்தான். ஒரு வளைவில் மட்டும் அழுத்தினான், சும்மா இருந்தான், ஒடிக்கவில்லை, நிறுத்தினான். மூன்று மூச்சு கழித்துப் பாறை மறைப்பிலிருந்து தேயிலை மூட்டை ஏற்றின லாரி ஒன்று ரோட்டை அடைத்துக்கொண்டு வெளியே வந்தது. அந்த ஒரு விநாடியில் டிரைவருக்கு என்ன வந்தது? எங்கிருந்து வந்தது? இவனுக்கு அந்த விநாடியில் கம்ப்ரசர் மட்டும்தான் வந்தது.

லாரன்ஸ் திரும்பி வந்தான். கிருபாகரன் அவன் தோளில் கை போட்டு இவனைக் காட்டினான். "லாரன்ஸ்ணா, எங்க மச்சான் யாருன்னு தெரியுமா? எங்க மில்லுக்கே இவருதான் காது. ஸ்க்ரூ டிரைவர வெச்சுக் கேட்டாருன்னா எந்த பேரிங் என்னைக்குப் போவும்னு தேதி சொல்லுவாரு." லாரன்ஸ் புகையிலையைத் துப்பிவிட்டு வந்திருந்தான் போலும், இந்தத் தடவை வாய் தெரிந்தது. "அட, அப்பறம் என்னங்ணா, நீங்களே கேட்டுச் சொல்லுங்க. எனக்கும் ஒரு சர்டிபிகேட் ஆச்சு." ரெண்டு பானெட்டையும் தூக்கி நிறுத்தினான். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரைத் துடைத்துக் கையில் கொடுத்தான். ரெண்டு இஞ்சினும் ஓடின, அல்லது ஓடின என்றார்கள்.

அவன் இறங்கிப் போய்க் குனிந்தான். முனையை இஞ்சின் தலையில் ஊன்றி, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்தான். இது அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. மில்லில் சேர்ந்த புதுசில் பழைய பேப்பர் கடையில் எடுத்த ஒரு கிழிந்த புஸ்தகத்தில் ஒரு படம் இருந்தது, அதைப் பார்த்துப் பார்த்துத் தானாகப் பிடித்துக்கொண்டது. அப்போதெல்லாம் கண்ணை மூடினால் உள்ளே ஒரு வீடு மாதிரி இருக்கும், ஒவ்வொரு அறையிலும் யார் என்ன செய்கிறார்கள் என்று தெரியும்; இங்கே எண்ணெய் குறைவு, அங்கே பேரிங்கில் ஒரு குண்டு தேய்ந்துவிட்டது, ரெண்டு வாரம், மிஞ்சினால் மூன்று. ஜெனரல் மேனேஜர் நின்று பார்ப்பார். இப்போது கண்ணை மூடினான். வீடு இல்லை. பழைய இஞ்சினிலிருந்து எலும்புக்கு அதிர்வு வந்தது, அதிர்வு மட்டும், பேச்சு இல்லை. புது இஞ்சினில் அதுவும் இல்லை, தண்ணீர்த் தொட்டியில் காது வைத்தமாதிரி. மூன்று பேரும் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று கண்ணை மூடியிருந்தும் தெரிந்தது. எத்தனை நேரம் குனிந்திருந்தால் நம்புவார்கள்? முன்பெல்லாம் எத்தனை நேரம் குனிவேன்? மில்லில் வருஷா வருஷம் நடக்கும் மெடிக்கல் கேம்ப்பில் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்துக் காதில் ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் விரலைத் தூக்கு என்பார்கள். அங்கே இவன் வெளியில் இருக்கிற பெண்ணின் தோளைத்தான் பார்த்தான். அவள் பட்டனை அமுக்கும்போது தோள் லேசாக இறங்கும், இறங்கினால் விரலைத் தூக்கினான். ரெண்டு வருஷமும் பாஸ். அதைப் பெரிய சாமர்த்தியமாக நினைத்திருந்தான், ஆடி மாசம் வரைக்கும். ஆடியில் ஒரு நாள் விடியப் போகிற நேரத்தில் ரெண்டாவது கம்ப்ரசர் பக்கமாக நடந்தவன் ஏதோ தோன்றி மூடிமேல் கையை வைத்தான், கை வெந்தது. பேரிங் எப்போதோ போய்விட்டிருந்தது. எப்போதோ கத்த ஆரம்பித்து, ஒரு மணி நேரமோ ரெண்டு மணி நேரமோ கத்தியிருக்கிறது, இவன் அதன் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து டீ குடித்திருக்கிறான். அணைத்துவிட்டான். காற்றுத் தொட்டி வெடித்திருந்தால் சுவருக்கு அந்தப்பக்கம் நூல் சுற்றுகிற பெண்பிள்ளைகள் பதினெட்டுப் பேர். மறுநாள் கிருபாகரன் வந்து பார்த்துவிட்டு, "நல்லவேளை மச்சான், நீங்க இருந்தீங்க. வேற ஒருத்தனா இருந்தா கேட்டிருக்கவே மாட்டான்" என்றான். அந்த வார்த்தை இன்னும் செரிக்கவில்லை.

நிமிர்ந்தான். "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்றான். லாரன்ஸின் முகத்தில் ஒரு நொடி என்னமோ ஓடி மறைந்தது. ஏன் அப்படிப் பார்த்தான்? ஒன்றில் ஏதாவது சத்தம் இருக்கிறதா? லாரன்ஸுக்குத் தெரிந்த சத்தம், கிருபாகரனுக்குக் கூடக் கேட்கிற சத்தம், காதுக்காரர் என்ன சொல்கிறார் பார்ப்போம் என்று எல்லாரும் காத்திருந்த சத்தம்? கிருபாகரன் புருவத்தைத் தூக்கினான். "அப்பறம் என்ன, ஓட்டிப் பாத்துரலாம். புதுச எடுங்க மச்சான்."

அவன் ஓட்டினான். இடதுபக்கம் கிருபாகரன், பின்னால் தெய்வானை. பஸ் ஸ்டாண்டைத் தாண்டுகிறவரைக்கும் ஒன்றும் இல்லை, கண்ணாடியில் பார்த்து, காலில் பார்த்து, கடைகள் போகிற வேகத்தில் பார்த்து ஓட்டினான். மூன்று வருஷமாக டிவிஎஸ்ஸை அப்படித்தானே ஓட்டுகிறான், ஓட்டத் தெரியாமலா இருக்கிறான். வண்டி இழுத்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும், காலை வைத்ததும் இழுத்தது, மேகலாவை அலுங்காமல் ஏற்றி இறக்கும். இதை எடுக்கலாம், பழகிவிடும், எல்லாம் பழகிவிடுகிறது, கூண்டுக்குள் தோள் பழகவில்லையா. தளி ரோடு பிரிகிற சிக்னலில் சிவப்பு விழுந்தது. நிறுத்தி, கியரை எடுத்து, கிளட்சை விட்டான். இங்கேதான் தானாக அணையும் என்றார்கள். அணைந்ததா? கிருபாகரன் எதிரில் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. பச்சை விழுந்ததும் கிளட்சை மிதித்தால் தானாக எழுந்திருக்கும் என்றார்கள். மிதித்தான். எழுந்ததா? முன்னால் இருந்த ஆட்டோ போய்விட்டது. எழுந்ததா? எழாமல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டால் வண்டி நடுரோட்டில் நிற்கும். எல்லாரும் பார்க்கிறார்கள். யாரும் பார்க்கவில்லை. கை தானாகப் போய்ச் சாவியைத் திருப்பியது, விரல் நுனியில் இரும்பும் இரும்பும் கடித்துக்கொள்வது சாவி வழியாக ஏறி முழங்கை வரைக்கும் வந்தது.

கிருபாகரன் துள்ளித் திரும்பினான். "மச்சான்! ஓடீட்டிருக்குது!"

நாச்சிமுத்துவின் காதோரம் வியர்த்தது. இப்போது தெரிந்துவிட்டது. இப்போது கேட்பான். ஆனால் கிருபாகரன் தொடையில் அடித்துச் சிரித்தான். "அவ்வளவு சைலண்ட்டு பாத்தீங்களா! நம்ம காதுக்காரரையே ஏமாத்திருச்சு. அக்கா, பாத்தயா?" சிரிப்பு நின்றதும் அவனே வழியும் காட்டினான், "எல்லாருக்கும் மொதல்ல ஒரு வாரம் அப்படித்தான் இருக்கும் மச்சான், விடுங்க." விடலாம். அவ்வளவுதான், தப்பித்தாகிவிட்டது, இவனாக ஒரு பொய்யும் சொல்லாமலேயே. வண்டியை எடுத்தான். பழையபடி கடைகள், மரம், ஒரு பெட்ரோல் பங்க். உடம்பு லேசாகிக்கொண்டு வந்தது. தெய்வானையின் கை பின்னாலிருந்து வந்து தோளைத் தட்டியது. ரசித்துத் தட்டுகிறாள் என்று நினைத்தான். மறுபடி தட்டியது, அப்புறம் சட்டையைப் பிடித்து இழுத்தது. கண்ணாடியில் பார்த்தான். கண்ணாடி முழுக்கப் பஸ்ஸின் முகம். டிரைவரின் ஒரு கை ஹாரனிலேயே இருந்தது, இன்னொரு கை ஜன்னலுக்கு வெளியே இவனைத் திட்டிக்கொண்டிருந்தது, எவ்வளவு நேரமாகவோ. சக்கரத்தை இடதுபக்கம் ஒடித்தான். பஸ் உரசிக்கொண்டு போனது, காற்று மட்டும் கன்னத்தில் அடித்தது. படிக்கட்டில் தொங்கினவன் ஒருத்தன் இவனைப் பார்த்துக் காதைத் தொட்டுக் காட்டிவிட்டுப் போனான்.

கிருபாகரன் இதற்கும் ஒன்று சொல்வான். புது வண்டி மச்சான், கண்ணாடி பழகலை மச்சான். அவன் வாய் திறக்கத் தொடங்குவதை ஓரக்கண்ணில் பார்த்தான். இதையும் வாங்கிக்கொண்டால் அடுத்த மாசம் மேலே போகவேண்டியதுதான், பின் சீட்டில் மேகலாவை வைத்துக்கொண்டு வளைவுக்கு முன்னால் ஹாரனை அழுத்திவிட்டு, ஒரு விநாடி, காதுக்குள் ஓடுகிற கம்ப்ரசரைக் கேட்டுவிட்டுத் திரும்பவேண்டியதுதான். எந்த இஞ்சினாக இருந்தால் என்ன. புளியமரத்தடியில் வண்டியை ஓரங்கட்டினான். சாவியை உருவி மடியில் போட்டுக்கொண்டான்.

"எனக்குக் காது கேக்கறதில்ல."

எதிரே ரோட்டைப் பார்த்துத்தான் சொன்னான். சொன்னது எவ்வளவு சத்தமாக வந்தது என்று தெரியவில்லை. பதில் வந்ததா என்றும் தெரியவில்லை. அவர்கள் பேசுகிறார்களா, வாயடைத்துப் போனார்களா, சிரிக்கிறார்களோ என்னமோ. திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். திரும்புவதற்கு அந்த நாற்பது வளைவையும் விட அதிக நேரம் ஆன மாதிரி இருந்தது. கிருபாகரனின் வாய் பாதி திறந்து அப்படியே நின்றிருந்தது. தெய்வானையின் வாய்தான் அசைந்துகொண்டிருந்தது, வேகமாக, ஒன்றும் பிடிபடவில்லை, கடைசியில் மட்டும், "எத்தன நாளா?"

"ரெண்டு வருசம். மூணு இருக்கும்."

கிருபாகரனின் முகத்தில் மைத்துனன் விலகி சூப்பர்வைசர் வருவதை நாச்சிமுத்து பார்த்தான். "கம்ப்ரசர் ரூம்லயுமா? ஆடி மாசம் அந்த பேரிங்கு?"

"கேக்கல மாப்ள. கைல சுட்டுத்தான் தெரிஞ்சுது. நீயே மேனேஜர்கிட்டச் சொல்லிரு. நான் போனா மறுபடி எதையாச்சும் சொல்லிச் சமாளிச்சுருவேன்."

கிருபாகரன் தலையை ஒருமுறை அசைத்தான். அது சொல்லிவிடுகிற அசைப்புத்தான். நாளைக்கு ராத்திரி அந்த ஸ்டூலில் வேறு ஒருத்தன் உட்கார்ந்திருப்பான். அதன்பிறகு இவனைக் கழிவுப் பஞ்சு குடோனில் போடுவார்களோ, வீட்டுக்கே அனுப்புவார்களோ. பயந்த இடம் இதுதான், மூன்று வருஷமாக. வந்து பார்த்தால் வெறும் வெயிலாக, ரோடாக, புளியமரமாக இருந்தது.

தெய்வானை இறங்கி வந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "இறங்குங்க. கிருபா, நீ ஓட்டு. லாரன்ஸ்கிட்ட இந்த வண்டியே இருக்கட்டும்னு சொல்லிரு. மேகலாவக் கூட்டியாறதும் நீதான்." அப்புறம் அவனிடம், நிறுத்தி நிறுத்தி, "எந்தக் காதுங்க கொஞ்சமாச்சும் தேவல?"

"எடது."

பின் சீட்டில் அவனை வலதுபக்கம் தள்ளி, அவள் இடதுபக்கம் ஏறி உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அவன் பக்கம் திரும்பினாள். பிறகு கேட்டாள். "டிவிஎஸ்ல உங்களுக்குப் பின்னாடி உக்காந்துட்டு நான் பேசுனதுக்கெல்லாம், ம், ம்ன்னீங்களே?"

அவள் பேசும்போது மோவாய் அவன் தோளில் படும். பட்டால் 'ம்' சொன்னான். மறுபடி பட்டால் மறுபடி சொன்னான். பேசுகிறாள் என்பது தெரியும், கேட்கவேண்டியது அவ்வளவுதான் என்று இருந்தான். சந்தைக்கு, கல்யாண வீட்டுக்கு, ஆஸ்பத்திரிக்கு, மூன்று வருஷம், எத்தனை ம். எதற்கெல்லாம் சரி சொல்லியிருக்கிறான், எதற்கெல்லாம் அப்படித்தான் போ என்று சொல்லியிருக்கிறான். ஒரு தடவை திருமூர்த்தி மலையிலிருந்து வரும்போது இறங்கிப் பார்த்தால் தோள்பட்டையில் சட்டை நனைந்திருந்தது, தூறல் என்று நினைத்துக்கொண்டான்.

"ஒண்ணும் கேக்கல தெய்வா."

அவள் அவனைப் பார்த்தாள். கோபமா என்று பார்த்தான், கோபமும் இருந்தது. எங்கே தொடங்குவது என்று தெரியாதவள் மாதிரி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அவள் கழுத்து அசைவதிலிருந்து பேசத் தொடங்கிவிட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. கிருபாகரன் முன்னால் இருக்கிறான், பட்டப்பகல், நடுரோடு. நாச்சிமுத்து கையை நீட்டி அவள் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினான்.

"இங்க பாத்துச் சொல்லு."